மணப்பெண் வேடத்தில் தோர்: நோர்ஸ் புராணத்தில் ஆண்மை என்னும் அச்சம்

இடித்தேவன் தோர் விழித்துக்கொள்கிறான். அருகில் இருக்க வேண்டிய சுத்தியலைக் காணோம். தாடி ஆடுகிறது, தலைமயிர் சிலும்புகிறது, கைகள் அங்குமிங்கும் துழாவுகின்றன. 'த்ரிம்ஸ்க்விதா' என்ற பழைய நோர்ஸ் (வைக்கிங் கால ஸ்காண்டிநேவிய மொழி) பாடல் இப்படித்தான் தொடங்குகிறது. ஐஸ்லாந்தில் 1270-களில் எழுதப்பட்டு, இன்று 45 தோல் ஏடுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும் கோடெக்ஸ் ரேஜியஸ் சுவடியில் அது இருக்கிறது. வைக்கிங்குகள் என்றாலே புடைத்த தோள், கொம்பு வைத்த தலைக்கவசம், எதற்கும் அஞ்சாத ஆண்பிள்ளைத்தனம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தச் சின்னப் பாடலைத்தான். அதில் வரும் ஆண்களிலேயே பலசாலியானவன் ஒரு வார்த்தைக்குப் பயப்படுகிறான்.

சுத்தியலைத் திருடியவன் த்ரிம் என்ற ராட்சத அரசன். பூமிக்கடியில் எட்டுக் காதத்தில் புதைத்து வைத்திருக்கிறான். தேவி ஃப்ரேயாவைக் கட்டிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவானாம். ஃப்ரேயாவிடம் போய், முக்காட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பு என்கிறார்கள். அவள் சீறிய சீற்றத்தில் தேவர்களின் மண்டபமே அதிர்கிறது, கழுத்திலிருந்த பிரிசிங்கமென் ஆரம் தெறித்து விழுகிறது. "உன்னோடு ராட்சதர் நாட்டுக்கு வந்தால் ஆண்பித்துப் பிடித்தவள் என்ற பெயர் எனக்கு வரும்" என்கிறாள். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து செய்யுளுக்குப் பிறகு இதே வாக்கிய அமைப்பு தோரின் வாயிலிருந்து வரப்போகிறது.

யோசனை ஹெய்ம்டால் என்ற தேவனுடையது. ஃப்ரேயாவுக்குப் பதிலாகத் தோரை அனுப்புவோம். அலங்காரத்தைப் பாடல் ஒவ்வொன்றாகச் சொல்கிறது: மணப்பெண்ணின் லினன் துணி, கழுத்தில் பிரிசிங்கமென், இடுப்பில் கிணுகிணுக்கும் சாவிக்கொத்து, முழங்காலைச் சுற்றி விழும் பெண்ணுடை, மார்பில் அகலமான கற்கள், தலையில் நேர்த்தியாக உயர்த்திக் கட்டிய துணி. இதில் எதுவும் சும்மா சேர்த்ததில்லை. சாவி என்பது வீட்டின் பெட்டிகளுக்கும் தானியத்துக்கும் பொறுப்பானவள் யார் என்பதன் அடையாளம். வாசற்படிக்கு உள்ளே மனைவியின் ஆட்சி, வெளியே கணவனுடையது. அதாவது தோர் உடுத்துவது வெறும் சேலைத்தலைப்பு இல்லை, ஒரு பதவி. அவன் மறுக்கிறான். "மணப்பெண்ணின் துணியைக் கட்டிக்கொண்டால் தேவர்கள் என்னை ஆர்கர் என்பார்கள்." தந்திரக்காரத் தேவன் லோக்கி சுருக்கமாக வாயை அடைக்கிறான்: பேசாதே, சுத்தியலை மீட்காவிட்டால் ராட்சதர்கள் தேவர்களின் உலகமான ஆஸ்கார்டிலேயே குடியேறிவிடுவார்கள்.

ஃப்ரேயாவும் தோரும் சொல்வது ஒன்றேதான். செய்யச் சொல்லும் காரியம் வலிக்கும் என்றோ ஆபத்து என்றோ இருவரும் சொல்லவில்லை. என்னை என்னவென்று அழைப்பார்கள் என்பதுதான் கவலை. அவளுக்கு அடங்காத ஆசைக்காரி என்ற பெயர். அவனுக்கு ஆர்கர் என்ற பெயர். வேறுபாடு என்னவென்றால், அவள் மறுத்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. அவனுடைய மறுப்பு செல்லுபடியாகவில்லை.

ஆர்கர் என்ற சொல்லை மொழிபெயர்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'கோழை' என்றால் பாதி போய்விடுகிறது. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்றால் முற்றிலும் பிழை, ஏனென்றால் ஒருவரின் விருப்பத்தையோ அடையாளத்தையோ அந்தச் சொல் குறிக்கவில்லை. உடலுறவில் பெண்ணின் இடத்தை ஏற்பவன், பெண்ணின் வேலையைச் செய்பவன், சூனியம் வைப்பவன், சண்டைக்கு வராதவன் எல்லாரும் அதில் அடக்கம். இதன் பெயர்ச்சொல் எர்கி. எழுத்து இடம் மாறி ராகர் என்றும் வரும். தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது 'பேடி'. கோழைத்தனத்தையும் பால் குழப்பத்தையும் ஒரே வசையில் கட்டிவைத்திருக்கும் சொல் அது. ஒரு மனிதரின் பாலையே இழிவாக்கியதால் இன்று அந்தச் சொல்லை எடுக்கவே கூச வேண்டும். ஆனால் ஆர்கர் எப்படிக் குத்தியது என்று உணர்த்த வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது எர்கி வேறாகிறது. 'ஸ்கிர்னிர் பாடலில்' கெர்த் என்ற பெண்ணுக்கு ரூன் எழுத்தில் பொறிக்கப்போவதாக மிரட்டும் சாபத்தில் எர்கியும் பித்தும் தாங்காத தவிப்பும் ஒன்றாக வருகின்றன. அங்கே அதன் பொருள் கட்டுக்கடங்காத காமம். ஃப்ரேயா அஞ்சியதும் அதைத்தான்.

சொல் வைக்கிங் காலத்தைவிட மூத்தது. இத்தாலியில் ஆண்ட லாங்கோபார்டு அரசன் ரோத்தாரி 643-ல் வெளியிட்ட சட்டத்தில் அது 'ஆர்கா' என்று இருக்கிறது. கோபத்தில் ஒருவனை ஆர்கா என்று திட்டியவன், அவன் அப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்து 12 பொற்காசு கட்ட வேண்டும். சொன்னதில் நிற்பேன் என்றால் வாள் எடுத்து நிரூபிக்க வேண்டும்.

நார்வேயின் குலாத்திங் சட்டம் முழு நஷ்டஈடு கேட்கத்தக்க வசைகளைப் பட்டியலிடுகிறது. ஓர் ஆண் பிள்ளை பெற்றான் என்பது ஒன்று. இன்னோர் ஆண் அவனைப் புணர்ந்தான் என்பது ஒன்று. பெண்குதிரை, பெட்டை நாய், வேசி, அல்லது எந்த விலங்கின் பெட்டையோடும் ஒப்பிடுவது ஒன்று. ஐஸ்லாந்தின் கிராகாஸ் சட்டத்தொகுப்பு இன்னும் கடுமை. ராகர், ஸ்ட்ரோதின், ஸோர்தின் என்ற மூன்று சொற்களில் எதைச் சொன்னாலும் முழு நாடுகடத்தல். பின்னிரண்டும் 'புணரப்பட்டவன்' என்பதற்கான பச்சைச் சொற்கள். முழு நாடுகடத்தல் என்றால் சொத்து பறிபோகும், யாரும் சோறு போடக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது, எவன் கொன்றாலும் கேள்வியில்லை. அதோடு நிற்கவில்லை. திட்டப்பட்டவன் நாட்டு மன்றமான ஆல்திங் சபை அடுத்துக் கூடும்வரை, திட்டியவனைக் கொல்லலாம். தன் வீட்டுப் பெண்ணைக் கெடுத்தவனைக் கொல்வதற்கு எவ்வளவு அவகாசமோ அதே அவகாசம். ஒரு சொல்லையும் ஒரு வன்புணர்வையும் சட்டம் ஒரே தராசில் வைத்திருக்கிறது.

இதை நடைமுறையில் எப்படித் தீர்த்தார்கள் என்பதற்கு ஸ்வீடனின் 'ஹெட்னலாகென்' என்ற துண்டுச் சட்டம் அருமையான சான்று. ஒருவன் சொல்கிறான்: "நீ ஆணுக்குச் சமமானவன் இல்லை, நெஞ்சில் ஆண் இல்லை." மற்றவன் பதில்: "உன்னைப் போல நானும் ஆண்தான்." இருவரும் மூன்று சாலைகள் கூடும் இடத்தில் சந்திக்க வேண்டும். திட்டு வாங்கியவன் வராவிட்டால் திட்டு உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு அவன் சத்தியம் செய்யவும் சாட்சி சொல்லவும் தகுதியற்றவன். திட்டியவன் வராவிட்டால், வந்தவன் மூன்று முறை 'நீதிங்' (மானங்கெட்டவன்) என்று உரக்கக் கத்தித் தரையில் கோடு கிழிக்க வேண்டும். இருவரும் ஆயுதத்தோடு வந்து திட்டு வாங்கியவன் விழுந்தால், பாதி உயிர்விலை. திட்டியவன் விழுந்தால் ஒன்றும் கிடையாது, அவனைக் கொன்றது அவன் நாக்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கு, சாட்சி, உண்மை எதுவும் ஆராயப்படவில்லை. குற்றம் நடந்ததா என்பது கேள்வியே இல்லை. நீ வந்தாயா என்பது மட்டும்தான் கேள்வி. ஆண்மை என்பது பிறப்போடு வந்த உடைமை என்றால் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்காது. அது கையில் ஏந்திய தண்ணீர் போல. விரலைத் தளர்த்தினால் போய்விடும்.

இந்த வகை இழிவுக்குப் பெயர் நீத். நாவால் செய்வது ஒன்று, மரத்தால் செய்வது இன்னொன்று. 'கீஸ்லி சாகா' என்ற பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதையில் ஸ்கெக்கி என்பவன், சண்டைக்கு வராதவர்கள் என்று எண்ணிய இருவரின் உருவத்தை ஒருவர் பின்னால் ஒருவராக மரத்தில் செதுக்கச் சொல்கிறான். என்றென்றும் அவர்களின் மானக்கேடாக அது நிற்க வேண்டுமாம். நாவால் செய்த நீத்தில் பெயர் பெற்றது, ஐஸ்லாந்தைக் கிறித்தவமாக்க வந்த ஃப்ரீத்ரிக் ஆயர்மீது 980-களில் பாடப்பட்டது. ஆயர் ஒன்பது பிள்ளை பெற்றார், அத்தனைக்கும் தந்தை தோர்வால்த், என்று இரண்டே வரி. தோர்வால்த் ஆயரின் உள்ளூர்த் துணைவன். கேட்ட கையோடு இரண்டு பேரை வெட்டிப் போட்டான். புதுச் சமயத்தைச் சேர்ந்தவன்தான். ஆனாலும் பழைய கணக்கு அவனுக்குள் இருந்தது. ஒன்பது பிள்ளைக்குத் தந்தை என்பது அவனுக்குப் பெருமையாகக்கூடத் தோன்றியிருக்கலாமே என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. நண்பனைப் பெண்ணாக்கியவன் என்பதும் அழுக்குதான்.

சாகாக்களில் இதன் உச்சம் 'நியால் சாகா'வில் இருக்கிறது. நியால் சட்ட மேதை, வருவதை முன்கூட்டி அறிபவன், பொறுமைசாலி. ஒரே குறை, தாடி முளைக்கவில்லை. அயல்வீட்டு ஹால்கெர்த் அவனைத் 'தாடியில்லாக் கிழவன்' என்றும், அவன் மகன்களைச் 'சாணித்தாடிகள்' என்றும் பெயர் வைத்து அழைக்கிறாள். ஒரு பெண் விளையாட்டாகச் சொன்னது பல ஆண்டு கழித்து ஊரையே எரிக்கிறது. நியாலின் மகன்கள் ஹோஸ்குல்த் என்ற நல்லவனைக் கொன்றுவிட்டார்கள். ஆல்திங்கில் சமரசம் பேசி, மும்மடங்கு ஈடாக 600 அவுன்ஸ் வெள்ளி திரட்டியாகிவிட்டது. குவியலின் மேல் நியால் ஒரு பட்டு மேலாடையை நல்லெண்ணமாக வைக்கிறான். எதிர்த்தரப்புத் தலைவன் ஃப்ளோசி அதைத் தூக்கிப் பிடித்து, இதை யார் கொடுத்தது என்று சிரிக்கிறான். ஆணும் பெண்ணும் உடுத்தத்தக்க ஆடை அது. பதில் இல்லை. மறுபடி கேட்கிறான். நியாலின் மகன் ஸ்கார்ப்பெதின், யாராக இருக்கும் என்று நினைக்கிறாய் என்கிறான். உன் அப்பன்தான், தாடியில்லாதவன், அவனைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று பலருக்குத் தெரிவதில்லை என்கிறான் ஃப்ளோசி. ஸ்கார்ப்பெதின் பட்டைப் பறித்துக்கொண்டு ஒரு நீலக் கால்சட்டையை வீசுகிறான். இது உனக்கு உதவும். ஸ்வீனாஃபெல் மலைப் பூதம் ஒன்பது இரவுக்கு ஒரு முறை உன்னைப் பெண்ணாக்குகிறதாமே.

சமரசம் அங்கேயே முறிந்தது. வெள்ளியை ஃப்ளோசி தொடவில்லை. அதன் பிறகுதான் நியால் குடும்பம் வீட்டோடு எரிக்கப்படுகிறது. ஒரு மேலாடையும் ஒரு கால்சட்டையும் சட்டத்தையும் பணத்தையும் தோற்கடித்துவிட்டன. சாகாவை எழுதியவருக்கு இதில் பெருமிதம் இல்லை என்றே படுகிறது. ஊரிலேயே விவேகமான மனிதனுக்குத் தாடி இல்லாமல் படைத்தது, ஆண்மை என்ற பேச்சின் வெறுமையைக் காட்டத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

மனிதர்களுக்கு இவ்வளவு கெடுபிடி என்றால் தேவர்கள் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். இல்லை. தேவர்களின் தலைவன் ஓடினே எர்கி பழகியவன்.

ஸெய்தர் என்ற மாந்திரீகம் இருக்கிறது. வருவதை அறிவது, நோயும் சாவும் ஏவுவது, ஒருவரின் புத்தியையும் பலத்தையும் எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆஸ்கார்டுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் ஃப்ரேயா என்றும், ஓடின் அதில் தேர்ந்தவன் என்றும் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதுகிறார். கூடவே, அந்த வித்தையோடு எர்கி ஒட்டிக்கொண்டு வருவதால் ஆண்கள் செய்வது இழுக்கு என்று கருதிப் பூசாரினிகளுக்கே சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறார்.

சடங்கு எப்படி நடந்தது? 'சிவப்பு எரிக்கின் சாகா'வில் கிரீன்லாந்தில் தோர்ப்யோர்க் என்ற குறிசொல்பவள் வரும் காட்சி விரிவாக இருக்கிறது. விளிம்புவரை கற்கள் பதித்த கருநீலப் போர்வை, கண்ணாடி மணி மாலை, உள்ளே வெள்ளைப் பூனைத்தோல் வைத்துத் தைத்த கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் தொப்பி, பித்தளைக் குமிழ் வைத்த கைத்தடி, ரோமம் உள்ளே திரும்பிய பூனைத்தோல் கையுறை, மயிரோடு கூடிய கன்றுத்தோல் செருப்பு. கோழி இறகு திணித்த மெத்தையிட்ட உயர்ந்த இருக்கை. ஆட்டுப்பால் கூழும், அங்கே இருந்த ஒவ்வொரு வகைப் பிராணியின் இதயமும் சாப்பாடு. மறுநாள் பெண்கள் வட்டமாக நிற்க, நடுவில் மேடையில் அவள். ஆவிகளை அழைக்கும் பாட்டைத் தெரிந்த ஒருத்தி பாட வேண்டும். தெரிந்தவள் ஒரே ஒரு பெண், அவள் கிறித்தவள், தயங்குகிறாள், கடைசியில் பாடுகிறாள். பாட்டு இல்லாமல் சடங்கு நடக்காது, பாடுவதும் பெண்.

இதை ஆண் செய்தால் என்ன ஆகும்? நார்வே அரசன் ஹாரல்த் ஹார்ஃபாகரின் மகன் ராக்ன்வால்த் இந்த வித்தையில் இறங்கினான். தந்தைக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு மகன் எரிக் போய், அண்ணன் தம்பி என்றும் பாராமல், 80 மந்திரக்காரர்களோடு சேர்த்து அவனை வீட்டில் வைத்து எரித்தான். அந்தச் செயலை மக்கள் மிகவும் மெச்சினார்களாம்.

ஏன் இது பெண்ணுக்கு மட்டும் உரியதாயிற்று என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். கைத்தடி நூல் நூற்கும் தடியை ஒத்திருப்பது ஒன்று. வேறொன்று உள்ளே புகத் தன்னைத் திறந்து கொடுப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதே சரியெனத் தோன்றுகிறது. வாள் எடுத்தவன் நேரே நின்று வெட்டுகிறான். ஸெய்தர் செய்பவள் இருந்த இடத்தில் இருந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாமல், ஆவிகளை ஏற்று வேலை முடிக்கிறாள். ஏற்பதும் மறைவில் தாக்குவதும் இரண்டுமே ஆர்கர் என்ற சொல்லுக்குள் கிடப்பவைதான்.

'லோக்காசென்னா' பாடலில் கடல் ராட்சதன் ஏகிரின் விருந்தில் லோக்கி ஒவ்வொரு தேவனையும் கிழிக்கும்போது இது வெளியே வருகிறது. முதலில் ஓடின் குத்துகிறான்: எட்டுக் குளிர்காலம் பூமிக்கடியில் பால்மாடாகவும் பெண்ணாகவும் இருந்து பிள்ளை பெற்றாய், அது ஆர்கரின் இயல்பு. லோக்கி உடனே: ஸாம்ஸே தீவில் நீ குறிக்காரிகளைப் போல் தட்டிக்கொண்டு மந்திரம் செய்தாய், அது ஆர்கரின் இயல்பு. அதே சொற்களால் செய்யுள் முடிகிறது. யாரும் மறுக்கவில்லை. ஓடினின் மனைவி ஃப்ரிக் மட்டும் குறுக்கிட்டு, பழையதை எல்லார் முன்னாலும் பேசாதீர்கள் என்கிறாள். ஐஸ்லாந்தில் ஒரு மனிதன் இதில் பாதியைச் சொல்லியிருந்தால் மாலைக்குள் பிணம் விழுந்திருக்கும்.

லோக்கியின் கதை தெரிந்ததுதான். ஆஸ்கார்டின் மதிலைக் கட்டிய கொத்தனின் குதிரை ஸ்வாதில்ஃபாரியைத் திசைதிருப்பப் பெண்குதிரையாகி, எட்டுக் கால் ஸ்லெய்ப்னிரை ஈன்றான். தாயின் பெயரால் லௌஃபெயின் மகன் என்றே அழைக்கப்படுபவன். ஆனால் அவனை மட்டும் விலக்கமாகக் காட்டுவது தவறு. அவன் பெற்ற குதிரையில்தான் ஓடின் ஏறித் திரிகிறான். மதில் கட்டி முடியாமல் போனதும், சுத்தியல் மீண்டதும், அறிவு கிடைத்ததும் எல்லாம் எவனாவது ஒருவன் ஆண் என்ற கோட்டைத் தாண்டியதால்தான். தாண்டியவனுக்குக் கிடைப்பது வசை, பலன் எல்லாருக்கும்.

தேவர்களுக்கும் முழு விலக்கு இல்லை என்கிறது டென்மார்க்கின் சாக்ஸோ எழுதிய வரலாறு. ரிந்தா என்ற இளவரசியை அடைய ஓடின் மருத்துவச்சி வேடம் போட்டு, நோயில் கட்டிப்போடப்பட்டவளை வன்புணர்கிறான். தேவர்கள் அவனைப் பத்தாண்டு போலத் துரத்திவிடுகிறார்கள். காரணம் என்ன தெரியுமா? நாடகக்காரன் போல் பெண்வேலை செய்து தேவகுலத்துக்கு இழுக்கு தேடினான் என்பதே. அவளுக்குச் செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. இந்தப் புராணத்தைப் பால் விடுதலையின் கொடியாகத் தூக்கிப்பிடிப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சாக்ஸோவும் ஸ்னோரியும் கிறித்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஐஸ்லாந்து 1000-ஐ ஒட்டிக் கிறித்தவமானது. ஸ்னோரி தம் எட்டா என்ற புராண நூலை எழுதியது 1220-ஐ ஒட்டி. இடையில் 200 ஆண்டு. எர்கி என்ற அருவருப்பில் எவ்வளவு பழையது, எவ்வளவு தேவாலயம் சேர்த்தது என்று பிரிப்பது கடினம். ரோத்தாரியின் சட்டமும் பழம்பாடல்களும் இருப்பதால் வேர் பழையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பெண்கள் பக்கம் திரும்புவோம். ஆண்மையை இழக்க முடியும் என்றால், பெறவும் முடிய வேண்டும். பழைய நோர்ஸில் ஹ்வாத்தர் என்றால் துணிந்தவன், விலங்கில் ஆண். ப்ளௌதர் என்றால் மென்மையானவன், விலங்கில் பெட்டை. இரண்டையும் உடலோடு அல்லாமல் பலத்தோடு கட்டிய சமூகம் இது என்று 1993-ல் கரோல் குளோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாதிட்டார். எனக்கு அந்த வாதம் பெரும்பாலும் ஏற்புடையது. அதற்கான உறுதியான சான்று வீரக்கதைகளில் இல்லை, கணக்கு வழக்கில் இருக்கிறது.

கிராகாஸில் 'பௌகாதல்' என்ற பகுதி, ஒருவன் கொல்லப்பட்டால் எந்த உறவினர் எவ்வளவு கொடுக்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்கிறது. முதல் படி மூன்று மார்க் மோதிரம். தந்தை, மகன், சகோதரன் இவர்களுக்கு உரியது. எல்லாம் ஆண்கள். ஒரே விதிவிலக்கு, ஆண் வாரிசு இல்லாதவனின் மணமாகாத மகள். அவள் மகனுக்கு உரியதை வாங்கலாம், கொடுக்கவும் வேண்டும். 'பௌகரீக்ர்', மோதிரப் பெருமாட்டி என்று அவளுக்குப் பெயர். மணமானதும் உரிமை போய்விடும்.

இதை வைத்துக்கொண்டு ராட்சதப் பெண் ஸ்காடியின் கதையைப் படித்தால் வேடிக்கைக் கதை வழக்காகிவிடுகிறது. தேவர்கள் அவள் தந்தை த்யாசியைக் கொன்றுவிட்டார்கள். அண்ணன் தம்பி யாரும் கதையில் இல்லை. அவள் தலைக்கவசம், இரும்புச் சட்டை, எல்லா ஆயுதமும் பூண்டு ஆஸ்கார்டுக்கு வருகிறாள். தேவர்கள் ஈடு பேசுகிறார்கள். கால்களை மட்டும் பார்த்துக் கணவனைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்கிறார்கள். அழகான கால் பேரழகுத் தேவன் பால்டருடையது என்று நினைத்து, கடல்தேவன் நியோர்தைத் தேர்ந்துவிடுகிறாள். தன்னைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று அவள் கேட்க, லோக்கி ஓர் ஆட்டின் தாடியில் கட்டிய கயிற்றைத் தன் விதைப்பையில் கட்டி இழுபறி போடுகிறான், அவள் சிரிக்கிறாள். சட்டப்படி பார்த்தால் தேவர்கள் செய்தது தந்திரம். அவளுக்குக் கணவன் கிடைத்த நொடியில் பழிவாங்கும் மகன் மறைந்துவிடுகிறான்.

ஹெர்வோரும் அப்படியே. ஸாம்ஸே தீவில் இறந்த அங்கந்தீர் விட்டுப்போன ஒரே மகள். தாயிடம் அவள் கேட்பது, ஒரு மகனுக்குச் செய்வதுபோல் என்னை எல்லாவற்றிலும் ஆயத்தம் செய் என்பது. ஹெர்வார்த் என்ற ஆண்பெயரோடு கடல்கொள்ளையர் கூட்டத்தில் சேர்ந்து, தந்தையின் புதைமேட்டில் நெருப்புக்கு நடுவே நின்று திர்ஃபிங் வாளைக் கேட்டு வாங்குகிறாள். பின்னால் வீடு திரும்பி ஊசிவேலை பழகி மணமுடிக்கிறாள். ஆண்மை அவளுக்குக் கிடைத்தது வாரிசு இல்லாத வெற்றிடத்தை நிரப்ப. வெற்றிடம் மூடியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஸ்வீடனின் பிர்க்கா தீவில் ஹ்யால்மார் ஸ்டோல்பே 1878-ல் தோண்டிய பிஜே 581 கல்லறையைப் பற்றிப் பேசுபவர்களும் இதை நினைக்க வேண்டும். வாள், கோடாரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயம், இரண்டு குதிரை, ஆட்டக் காய்கள். ஆயுதம் இருந்ததால் நூறாண்டுக்கு மேல் அது 'வீரன்' கல்லறை. 2017-ல் மரபணு ஆய்வு எலும்பு பெண்ணுடையது என்று காட்டியது. உடனே ஒரு கூட்டம் 'பெண் படைத்தலைவி' என்றது, இன்னொரு கூட்டம் எலும்புப் பெட்டி மாறியிருக்கும் என்றது. எலும்புகளில் ஸ்டோல்பே காலத்துக் கல்லறை எண் எழுதியிருக்கிறது என்று ஆய்வுக்குழு விளக்கியது. ஆயுதம் இருந்தால் ஆண் என்ற எடுகோள் செத்துவிட்டது, அது உறுதி. அவள் எந்த வெற்றிடத்தில் நின்றாள், அதைத் தாண்டியும் நின்றாளா என்பதை எலும்பு சொல்லாது.

ஏனென்றால் அன்றாடத்தில் கோட்டைத் தாண்டிய பெண்ணுக்கும் தண்டனை உண்டு. ஆணுடை அணிந்தாலோ, ஆணைப்போல் முடி வெட்டினாலோ, ஆயுதம் ஏந்தினாலோ கிராகாஸின்படி மூன்றாண்டு நாடுகடத்தல். பெண்ணுடை அணிந்த ஆணுக்கும் அதேதான். 'லக்ஸ்தேலா சாகா'வில் இது மணமுறிவுக் கருவியாகிறது. குத்ரூன் தன் கணவனுக்கு முலைக்காம்பு தெரியும்படி கழுத்து தாழ்ந்த சட்டை தைத்துக் கொடுத்து, பெண்ணுடை உடுத்துகிறான் என்று மணத்தை முறிக்கிறாள். யோசனை சொன்னவன் தோர்த். பிறகு தோர்த் தன் மனைவி ஔத் கால்சட்டை போடுகிறாள் என்று அவளைத் தள்ளிவிட்டுக் குத்ரூனை மணக்கிறான். ஔத்தின் சகோதரர்கள் எதுவும் செய்யவில்லை. அவளே கால்சட்டை போட்டுக்கொண்டு இரவில் குதிரையேறிப் போய், படுத்திருந்த தோர்தின் வலது கையையும் மார்பின் இரு காம்புகளையும் சேர்த்து வெட்டிவிட்டு வருகிறாள். ஆட்களை அனுப்பலாமா என்று கேட்டபோது தோர்த் வேண்டாம் என்கிறான். செய்ய வேண்டியதைத்தான் அவள் செய்தாள் என்கிறான். பொய்யாகச் சொன்ன குற்றத்தை அவள் உண்மையாக்கிக்கொண்டு வந்தபோது, அவன் எதிர்ப்பு சொல்ல இடமில்லை.

பெண்ணின் வேலை என்று ஒதுக்கியதற்குள்ளும் ரத்தம் இருந்தது. 1014-ல் அயர்லாந்தில் நடந்த கிளோன்டார்ஃப் போரன்று ஸ்காட்லாந்தின் கேத்னஸில் தோருத் என்பவன் ஒரு வீட்டுச் சாளரம் வழியே பார்த்ததாக நியால் சாகா சொல்லும் காட்சியில் போரில் சாக வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் வால்கிரிகள் பன்னிரண்டு பேர் தறி நெய்கிறார்கள். பாவு மனிதக் குடல், தறிக்கல்லுக்குப் பதில் தலைகள், விழுது கோலாக ரத்தம் தோய்ந்த ஈட்டி, ஊடையை அடிக்க வாள். போர் நடப்பது வேறிடத்தில், முடிவாவது தறியில். குடும்பத்தின் பழியைக் கிளறிவிடுவதும் பெண்தான். ஹோஸ்குல்தின் மனைவி ஹில்டிகுன், உறைந்த ரத்தக்கட்டிகள் உதிரும்படி அவன் போர்வையை ஃப்ளோசியின் தோளில் உதறிப் போட்டு, பழிவாங்காவிட்டால் நீ ஆணே இல்லை என்கிறாள். ஆண்மையைக் காப்பது ஆணின் வேலை, அது இருக்கிறதா என்று சோதிப்பது பெண்ணின் வேலை.

தோரின் கதை சிரிப்பில் முடிகிறது. மணமகள் ஒரு முழு எருது, எட்டு சால்மன், பெண்களுக்கென்று வைத்த பலகாரம் அத்தனையும் தின்று தீர்க்கிறாள். எட்டு இரவாகச் சாப்பிடவில்லை, உங்கள்மேல் அவ்வளவு ஆசை என்று தோழிவேடத்தில் லோக்கி சமாளிக்கிறான். மணத்தைப் புனிதமாக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து மணப்பெண் மடியில் வைக்கிறார்கள். அவ்வளவுதான், ராட்சத குலமே ஒழிந்தது. அதன் பிறகு பாடலில் எவரும் அவனை ஆர்கர் என்று சொல்லவில்லை. சொல்ல ஆள் மிஞ்சவில்லை.

சுத்தியல் கையில் இருந்தும் தோர் தோற்ற இடம் ஒன்று உண்டு. உட்கார்ட் என்ற ராட்சத நாட்டு அரசனின் மண்டபத்தில் மற்போருக்கு ஆள் கேட்கிறான். அரசன் தன் வளர்ப்புத்தாய், எல்லி என்ற கிழவியை அனுப்புகிறான். தோர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அவள் அசையவில்லை, கடைசியில் அவன் ஒரு காலை மடக்கி முட்டி போடுகிறான். எல்லி என்றால் முதுமை என்று மறுநாள்தான் சொல்கிறார்கள். சாகாவிலும் அவள் வருகிறாள், பெயரில்லாமல். பல பேரை வெட்டிய, அரசனையே எதிர்த்துக் குதிரைத்தலை நட்டு நீத் செய்த எகில் ஸ்கல்லாக்ரிம்சன் எண்பது தாண்டிக் கண்ணும் காதும் போய்த் தடுமாறி விழுகிறான், வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள். குளிருக்கு அடுப்படியில் போய்ப் படுக்கிறான். வழியை மறிக்காதே, எழுந்து போய் உன் இடத்தில் உட்கார், எங்களை வேலை செய்யவிடு என்கிறாள் சமையற்காரி. அவன் போய் உட்காருகிறான்.